கடற்பாசியும் கந்தகமும்

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் 23-ஆம் நாள், ஜப்பானியப் படைகள் போர்ட் பிளேரில் இறங்கி அந்தமான் தீவுகளைக் கைப்பற்றின. அதே போரினால் நம் ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரு முட்டுப்பாடு நேர்ந்தது. கிருமிகளை வளர்த்து ஆராய உதவும் ‘அகர்’ என்னும் பாசிக்கூழ், அந்நாளில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவ்வரவு நின்றது.

அகரின் அருமையை ஆய்வுலகுக்கு உணர்த்தியவர் ஃபானி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி. சமையலில் தாம் கையாண்ட அக்கூழில் கிருமிகளை வளர்க்கலாம் என்று, ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தம் கணவருக்கு 1881-இல் அவர் யோசனை கூறினார். போர் அதன் வரவை அடைத்தபோது, நம் விஞ்ஞானிகள் நம் கடலிலேயே வளரும் கிராஸிலேரியா இனப் பாசிகளை நாடினர். தமிழ்நாட்டுக் கரையோர மக்கள் கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்பாசியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

பாசிக்கூழ் என்பது சர்க்கரை அணுத்திரள்கள் சங்கிலிபோற் கோத்த நெடும்பொருள். அச்சங்கிலியில் ஆங்காங்கே கந்தகமும் பிராணவாயுவும் கூடிய ஸல்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. கஞ்சிப்பாசியைக் காரநீரில் வேகவைத்தால் அவற்றுள் ஒரு பகுதி நீங்கும். கூழ் கெட்டியாக உறையும். ஸல்பேட் மிகுந்த பொருளின் குணமோ வேறு. 1913-இல் ஸ்வீடன் நாட்டுக் கைலின் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஃப்யூகாய்டன், இரத்தம் உறைவதைத் தடுக்கவல்லது. அதே தொழிலைச் செய்யும் ஹெப்பாரின் மருந்தும் ஸல்பேட் நிறைந்ததே. சிவப்புப் பாசியின் சாறு கோழிமுட்டைக் கருவை இன்புளுவென்சா வைரஸிலிருந்து காத்ததை 1958-இல் ஆய்வாளர் அறிவித்தனர். ரசாயன முறையால் ஸல்பேட்டைக் கூட்டும்போது இத்தகைய ஆற்றல் பலவற்றில் பெருகக் காண்கிறோம்.

ஆயினும் கண்ணாடிக் குழாயில் வென்ற பொருள் மனித உடலிலும் வெல்லும் என்று கொள்வதற்கில்லை. சிவப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் காரஜீனனைக் கொண்டு செய்த களிம்பு ஒன்று எய்ட்ஸ் வைரஸைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் அதனைச் சோதித்தனர். 2008-இல் முடிவு வெளியாயிற்று: தீங்கு இல்லை, ஆனால் தடுப்பும் இல்லை.

அந்தமானின் பவளத்திட்டு நீரிலும் கிராஸிலேரியா, சர்காஸம் முதலிய பாசிகள் வளர்கின்றன. அவற்றில் மருந்து தேடுவோர்க்கு இவ்வரலாறு வழி காட்டுகிறது. எந்தப் பாசி, எவ்வளவு ஸல்பேட், செய்த மாற்றம் யாது என்பவற்றை அளந்து கூறவேண்டும். பயனை மனிதரிடம் முறையாகச் சோதித்த பின்னரே உரைக்கவேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அளவு மீறினால் இரத்தப்போக்கையும் விளைவிக்கும் அன்றோ? ஆதலின், கடற்பாசி எல்லா நோயும் தீர்க்கும் என்னும் விற்பனைச் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. கடல் தரும் செல்வத்தைப் புறக்கணிப்பதற்கும் இல்லை.