தஞ்சையில் குடிமராமத்தின் தேய்வு

ஆறு வறண்டு கிடக்கும் கோடையில் பாசன வாய்க்கால்களைத் தூர்வாரி, நாணலை வெட்டி, இடிந்த கரைகளைச் செப்பனிடும் பொறுப்பை ஊராரே ஏற்றிருந்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மட்டத்துக்கு மீறி ஆழமாக வெட்டினால் தண்ணீர் வயலுக்கு ஏறாது என்பதும், அள்ளிய வண்டலைக் கரையின் உட்சரிவில் கொட்டினால் முதல் மழையிலேயே அது வாய்க்காலுக்குள் இறங்கிவிடும் என்பதும் மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் தளர்ந்தபோது அந்த அறிவு எங்கும் போய்விடவில்லை; அந்த வேலையைச் செய்வதற்கான முனைப்பே குன்றியது.

அம்முனைப்புக்கு வேராக இருந்தவற்றுள் ஒன்று கரையீடு, அதாவது ஊர் நிலத்தைப் பங்காளிகளான மிராசுதாரர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் மாற்றிப் பங்கிட்டுக்கொண்ட முறை. இன்று தலைமடையில் உழுபவரின் பங்கு அடுத்த சுற்றில் கடைமடைக்குப் போகலாம் என்ற நிலையில், வாய்க்காலின் கடைசி முழம்வரை சீராக இருப்பதில் ஒவ்வொருவருக்கும் அக்கறை இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. பங்குகள் நிலையான தனியுடைமையாக உறுதிப்பட்ட பிறகு, தலைமடைக்காரர் தமக்குக் கீழே உள்ள தூரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று.

சென்னை அரசு இதற்குச் சட்டத்தால் விடை தேட முயன்றது. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், கரை உடையும் ஆபத்தின்போது ஆட்களைக் கட்டாயமாக வரவழைக்க அதிகாரம் அளித்ததோடு, வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறியவரிடம் அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்கவும் வகைசெய்தது. வெள்ளம் வரும் இரவில் ஊரைக் கரைக்கு இழுத்துவரச் சட்டத்தால் இயன்றிருக்கலாம். ஆண்டுதோறும் கோடை வெயிலில் செய்யவேண்டிய பொறுமையான வேலைக்கு அபராதம் ஈடாகவில்லை. 1901 முதல் 1903 வரை ஆராய்ந்த இந்தியப் பாசன ஆணையத்தின் காலத்திலும் இச்சிக்கல் தீராமலே இருந்தது.

இவ்வழக்கத்தைப் பொற்காலமாகப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சேற்றில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மிராசுதாரர்கள் அல்லர். அவர்களுடைய பண்ணையாட்களும், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத புறக்குடிகளுமே. நியாய வாரச் சட்டம் வந்த 1956-இல்கூட நன்செய் விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு நிலவுடையவருக்குரியதாக வரையறுக்கப்பட்டது. அதற்கு முன்பு உழுதவனுக்கு எஞ்சியது இன்னும் சொற்பம். அத்தகைய உழைப்பாளி வாய்க்காலைத் தன்னுடையதாக நினைக்கவில்லை என்றால் குற்றம் அவனிடம் இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அண்மையில் பேராவூரணியில் நடந்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடையான அப்பகுதியில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, உள்ளூர் இளைஞர்கள் கைஃபா என்ற சுருக்கப்பெயர் கொண்ட விவசாயிகள் சங்கத்தை உருவாக்கி, நன்கொடை திரட்டி, 2019-இல் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினர். மண்வெட்டி செய்த வேலையை இங்கே இயந்திரங்கள் செய்தன, அவற்றை இயக்கும் திறமையும் கூலிக்குக் கிடைத்தது. தண்ணீர் எட்டாத தங்கள் ஊருக்கு அந்தக் குளம் வேண்டும் என்ற முடிவு மட்டும் அவர்களுடையதாக இருந்தது.