கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் படம்

சுடோகு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நோனோகிராம்?

1987-ல் டோக்கியோவில் ஒரு போட்டி. உயரமான கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டும் அணைத்தும் படம் காட்ட வேண்டும். ஜெயித்த நோன் இஷிடா அதையே புதிராக்கினார். அதே காலத்தில் தெத்சுயா நிஷியோவும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். 1990-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டால்கெட்டி, இஷிடாவின் பெயரை வைத்தே நோனோகிராம் என்றார். அந்த வருடமே சண்டே டெலிகிராஃப்பில் வாராவாரம் வர ஆரம்பித்தது.

ஓரத்திலுள்ள எண், தொடர்ச்சியாக எத்தனை கட்டம் கறுப்பு என்று சொல்லும். 10 கட்ட வரிசையில் 8 என்றால், எங்கே ஆரம்பித்தாலும் நடு 6 கட்டம் கறுப்புதான். ஊகம் வேண்டாம். பேங்க் பாஷையில் சொன்னால், குறுக்கும் நெடுக்கும் டாலி ஆகணும், அவ்வளவுதான்.

புள்ளி எண்ணிப் படம் போடுவது நமக்குப் புதுசா என்ன? தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, மனைவி ராணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியவர்கள்.

இங்கே ஹெப்பகோடியில் நம் பிள்ளைகளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் சரளம், தமிழ் எழுத்துதான் தடுமாற்றம். ஊரிலிருந்து வரும் பாட்டிக்கோ இங்கிலீஷ் வராது. இந்தப் புதிருக்கு எண் தெரிந்தால் போதும். இருவரையும் ஒரே பென்சிலோடு உட்கார வையுங்கள். ஒரே நிபந்தனை: இந்தக் கட்டம் ஏன் கறுப்பு என்று பேத்தி பாட்டிக்குத் தமிழில் சொல்லணும்!