வீட்டில் அமைத்த மின்மிதிவண்டியில் மின்பழுது காணும் முறை

1. பொருளும் எல்லையும்

மோட்டார் பூட்டிய சக்கரம், மின்கல அடுக்கு, கன்ட்ரோலர், த்ராட்டில் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, ஓடிக்கொண்டிருந்த மிதிவண்டி ஒன்றில் ஒருவர் தாமே பொருத்திக்கொண்ட வண்டியை இங்கு வீட்டில் அமைத்த மின்மிதிவண்டி என்கிறோம். ஆலையில் செய்து வரும் வண்டிக்கும் இதற்கும் உறுப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை. பல சமயம் ஒரே மோட்டார், ஒரே கன்ட்ரோலர்தான். வேறுபாடு இணைப்புகளில் இருக்கிறது. வீட்டு வண்டியில் ஒவ்வொரு ஈயப்பற்றும் ஒவ்வொரு கனெக்டரும் அமைத்தவரின் கை பட்டது. கம்பிகளின் வரைபடமோ பெரும்பாலும் அவர் நினைவில் மட்டுமே இருப்பது. ஆகவே இத்தகைய வண்டியில் பழுது தேடுவோர் முதலில் ஐயுற வேண்டியது இணைப்பை. உறுப்பை ஐயுறுவது அதன் பிறகு. கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்து, பிறகு மோட்டாரை மாற்றிப் பார்த்து, கடைசியில் பத்து ரூபாய்க் கனெக்டரில் வந்து நிற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களே.

தெளிவுக்காக ஒரே ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: பின்சக்கரத்தில் பல்லிணை உள்ள 250 வாட் ஹப் மோட்டார், 15 ஆம்பியர் கன்ட்ரோலர், 36 வோல்ட் லித்தியம் அயன் அடுக்கு. அடுக்கில் 18650 அளவு மின்கலங்கள் நான்கு நான்காக இணைந்து ஒரு குழுவாகவும், அத்தகைய பத்துக் குழுக்கள் தொடராகவும் உள்ளன எனக் கொள்க. குழு ஒன்றின் முழு மின்னேற்றம் 4.2 வோல்ட், அடுக்கின் முழு மின்னேற்றம் 42 வோல்ட். 48 வோல்ட் வண்டி வைத்திருப்போர் பதின்மூன்று குழு, 54.6 வோல்ட் என்று எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முறை மாறாது.

2. ஆற்றல் வழியும் ஆணை வழியும்

மின்கலத்திலிருந்து புறப்பட்டு, தேவைப்படும்போது அடுக்கைத் துண்டித்துக் காக்கும் பாதுகாப்புப் பலகை, ஃபியூஸ், கன்ட்ரோலர், மூன்று தடித்த கட்டக் கம்பிகள் வழியாக மோட்டாரின் சுருள்களை அடையும் பாதையை ஆற்றல் வழி என்போம். வண்டியை நகர்த்தும் மின்னோட்டம் முழுவதும் இதில் செல்கிறது. த்ராட்டில், பிரேக் ஸ்விட்ச், சாவிக் கம்பி, மோட்டாருக்குள் உள்ள நிலையுணரிகள் ஆகியவற்றிலிருந்து கன்ட்ரோலருக்குச் செய்தி கொண்டுவரும் மெல்லிய கம்பிகளின் தொகுதி ஆணை வழி. இதில் செல்லும் மின்னோட்டம் மில்லிஆம்பியர் அளவினது.

இப்பிரிவு எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்கரான ஆக்டன் போல்ட்டன் 1895ஆம் ஆண்டின் இறுதி நாளில் காப்புரிமை பெற்ற மிதிவண்டியிலும் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில்தான் இருந்தது. ஆனால் அதில் கரித்தூரிகைகள் இருந்தன. எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் என்பதைச் சுழலும் மோட்டாரே தூரிகையின் துணையோடு தீர்மானித்துக்கொண்டது. இன்றைய மோட்டாரில் தூரிகை இல்லை. சுழலியின் காந்தங்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை மூன்று நிலையுணரிகள் கண்டு சொல்ல, அதற்கேற்பக் கன்ட்ரோலர் மூன்று கட்டக் கம்பிகளிலும் மாறி மாறி மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவே இவ்வுணரிகளின் அடிப்படை. கடைகளிலும் அவற்றை ஹால் சென்சார் என்றே கேட்டு வாங்குகிறோம். தூரிகை தேய்வது என்னும் பழுது இதனால் ஒழிந்தது. அதற்கு ஈடாக ஐந்து மெல்லிய கம்பிகளும் ஒரு கனெக்டரும் புதிதாக வந்து சேர்ந்தன.

இரு வழிகளின் பழுதும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. ஆற்றல் வழி கெட்டால் வண்டி இளைக்கும், மேட்டில் நின்றுபோகும், எங்கோ சூடேறும். ஆணை வழி கெட்டால் வண்டி ஒரேயடியாக மறுக்கும், அல்லது உதறும். விதிவிலக்குகள் உண்டு, எனினும் தேடத் தொடங்கும் இடத்தைக் காட்ட இவ்வளவு போதும்.

3. பழுதின் மூவகை

எவ்வழியில் நேர்ந்தாலும் மின்பழுது இயல்பால் மூன்றே வகை. மின்னோட்டம் செல்ல வேண்டிய இடத்தில் பாதை இல்லாமற் போவது அறுபாடு. செல்லக் கூடாத இடத்தில் பாதை உண்டாவது குறுக்கிணைவு. பாதை இருந்தும் அதில் வேண்டாத தடை சேர்வது தடைமிகை. முதல் இரண்டையும் மல்ட்டிமீட்டரின் பீப் ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதே நம்மை ஏமாற்றுவது. அதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

சரியாக நெரிக்காத ஒரு முனையில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். மீட்டரின் முனைகளுக்கே ஏறத்தாழ அவ்வளவு தடை உண்டு என்பதால் ஓம் அளவையில் இது தெரியாது. பீப் ஒலியும் தடையின்றிக் கேட்கும். ஆனால் 15 ஆம்பியர் செல்லும்போது அம்முனையில் 1.5 வோல்ட் இழப்பாகிறது, 22.5 வாட் வெப்பமாகிறது. வீட்டில் ஈயம் பற்றவைக்கும் 25 வாட் இரும்பின் வெப்பத்துக்கு இது ஏறக்குறைய சமம். அந்த வெப்பம் கனெக்டரின் ஊசிப் பிடியைத் தளர்த்துகிறது, தளர்ந்த தொடுகையால் தடை இன்னும் ஏறுகிறது, ஏறிய தடை மேலும் வெப்பம் தருகிறது. மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டர் ஒன்று இவ்வழியில் கெட்டிருந்தால், அதன் இரு துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் நெகிழி பழுப்பேறியிருக்கும். கழற்றும்போது அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். பித்தளை ஊசியின் பொன்மெருகு மங்கிக் கறுத்திருக்கும். மறுதுளை புதியதுபோல் இருக்கும். இவ்வேறுபாட்டைக் கண்டால் மீட்டரை எடுக்கவே வேண்டாம்.

தடைமிகையை அளக்கும் சரியான வழி, மின்னோட்டம் செல்லும்போதே அந்த இணைப்பின் இருபுறமும் மீட்டர் முனைகளை வைத்து மின்னழுத்த வேறுபாட்டைப் படிப்பது. நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இராது. அரை வோல்ட் வந்தாலே அதை வெட்டியெறிந்து புதிதாகச் செய்ய வேண்டும்.

4. ஆய்வின் படிநிலைகள்

வரிசை மாறாமல் செல்வது முக்கியம். ஒரு படியின் விடை உறுதியாகாமல் அடுத்த படியின் அளவைக்குப் பொருள் இல்லை. தொடங்குமுன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக்கொள்க. மீட்டரின் சிவப்புக் கம்பி வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. 10 ஆம்பியர் துளையில் வைத்தபடி மின்கலத்தைத் தொட்டால் அதுவே குறுக்கிணைவாகிவிடும்.

முதற்படி காட்சி. கம்பிகளைக் கண்ணாலும் கையாலும் தொடர்ந்து செல்க. ஹப் மோட்டாரில் எல்லாக் கம்பிகளும் அச்சின் வழியே வெளிவருகின்றன. அச்சு நட்டு தளர்ந்து, மோட்டாரின் திருகுவிசையால் அச்சே சுழன்றுவிட்டால், அக்கம்பிகள் முறுக்கி அறுபடுகின்றன. கட்டக் கம்பியின் காப்புறை கிழிந்து மெல்லிய ஹால் கம்பியைத் தொட்டால் 36 வோல்ட் போய் 5 வோல்ட் சுற்றில் பாயும்; கன்ட்ரோலர் அந்தக் கணமே கெடும். அச்சைச் சட்டகத்தோடு பிணைக்கும் திருகுதாங்கி இல்லாத வண்டியில் நாம் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இரண்டாம் படி மின்கல அடுக்கு. ஓய்வில் அளந்த மின்னழுத்தம் அதன் உடல்நலத்தைச் சொல்லாது. ஒன்பது குழுக்கள் 3.7 வோல்ட்டிலும் ஒரு குழு மட்டும் 2.7 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் சரியாக 36 வோல்ட். மீட்டரில் குறையே தெரியாது; ஆனால் த்ராட்டிலைத் திருகியதும் அந்த ஒரு குழு மேலும் சரிய, பாதுகாப்புப் பலகை முழு அடுக்கையும் துண்டித்துவிடும். பலகைக்குச் செல்லும் வெள்ளைக் கனெக்டரில் பத்துக் குழுக்களையும் ஒவ்வொன்றாக அளப்பதே இதற்கு வழி. அதன் ஊசிகள் நெருக்கமானவை. மீட்டர் முனை வழுக்கி இரண்டை இணைத்துவிடாதபடி நுனி தவிர மற்றதை டேப்பால் சுற்றிக்கொள்க.

இங்கே போலி மின்னழுத்தம் என்பதையும் வரையறுக்க வேண்டும். பலகை துண்டித்த பிறகும் அதில் ஸ்விட்சாகச் செயல்படும் மாஸ்ஃபெட்டுகள் வழியாக மிகச் சிறிய கசிவு இருக்கலாம். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 36 வோல்ட்டைக் காட்ட அதற்கு 4 மைக்ரோஆம்பியருக்கும் குறைவே போதும். ஆகவே எதையும் ஓட்ட இயலாத வெளிமுனையிலும் மீட்டர் முப்பதுக்கு மேல் காட்டக்கூடும். 1 கிலோஓம், 5 வாட் தடையம் ஒன்றை முனைகளுக்கிடையே வைத்து மறுபடி அளந்தால் உண்மை வெளிப்படும்: மெய்யான மின்னழுத்தம் நிலைக்கும், போலி சரிந்துவிடும்.

அடுத்து சுமைச் சரிவு, அதாவது மின்னோட்டம் எடுக்கும்போது அடுக்கின் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது. மேடேறும்போது பார்க்கும்படி மீட்டரைக் கைப்பிடியில் கட்டிக்கொள்ளலாம். 15 ஆம்பியரில் ஏறத்தாழ 2 வோல்ட் இறங்குவது இந்த அளவு அடுக்குக்கு இயல்பு. 5 வோல்ட் இறங்கினால் மின்கலம் முதுமையடைந்திருக்கிறது, அல்லது வழியில் தடைமிகை உண்டு. இரண்டில் எது என்பதை மூன்றாம் பிரிவில் சொன்ன அளவை பிரித்துக் காட்டும். 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் சுமார் 30 வோல்ட்டில் தாமே நின்றுவிடுவன என்பதால், பாதி மின்னேற்றத்தில் மேட்டில் மட்டும் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாம் படி கன்ட்ரோலரின் வாயில். தடித்த சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் மின்னழுத்தம் வந்தும் வண்டி உயிர்பெறவில்லையானால் மெல்லிய சாவிக் கம்பியைப் பார்க்க வேண்டும். அதற்கும் மின்கலத்தின் முழு மின்னழுத்தம் வேண்டும். சாவி பழுதென்றால் அங்கேயே முடிந்தது.

நான்காம் படி 5 வோல்ட். த்ராட்டிலுக்கும் ஹால் உணரிகளுக்கும் கன்ட்ரோலர் வழங்கும் இந்தச் சிறு மின்னழுத்தம் ஆணை வழி முழுவதற்கும் ஆதாரம். அது இல்லையெனில் கன்ட்ரோலர் கெட்டது என்று உடனே முடிவுகட்டுவோர் உண்டு. அவசரம் வேண்டாம். த்ராட்டில் கனெக்டரைக் கழற்றுக. பிறகு ஹால் கனெக்டரை. எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தக் கிளையில் குறுக்கிணைவு இருக்கிறது, கன்ட்ரோலர் நலமே. எல்லாம் கழற்றியும் திரும்பாவிட்டால்தான் குற்றம் கன்ட்ரோலரிடம்.

ஐந்தாம் படி ஆணைகள். த்ராட்டிலின் குறிக்கம்பியில், அதாவது கன்ட்ரோலருக்குச் செய்தி தரும் கம்பியில், மின்னழுத்தம் விட்டநிலையில் 0.8 வோல்ட்டை ஒட்டியும் முழுதும் திருகியநிலையில் 4 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். இதிலொரு அபாயம் உண்டு: த்ராட்டிலின் கறுப்புக் கம்பி அறுந்தால் குறிக்கம்பி 5 வோல்ட்டை நோக்கி ஏறும். பாதுகாப்பு உள்ள கன்ட்ரோலர் இதைக் கண்டு நின்றுவிடும். இல்லாதது முழுவேகத்தில் பாயும். சக்கரத்தை உயர்த்தச் சொன்னது இதற்காகவே. பிரேக் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு மோட்டாரைத் தடுக்கிறதா என்பதை அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தே அறியலாம்.

ஆறாம் படி ஹால் உணரிகள். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கத்துளை வழியே முனையை நுழைத்து, ஒவ்வொரு குறிக்கம்பியையும் கறுப்போடு அளந்துகொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றுக. பல்லிணை மோட்டாரில் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் மோட்டாரை அசைக்கவே அசைக்காது, நல்ல உணரியும் கெட்டதாகத் தோன்றும். மூன்றும் 0க்கும் 5க்கும் இடையே மாறி மாறித் தாவினால் நலம். ஒன்று அசையாமல் நின்றால் வண்டி உதறியதன் காரணம் கிடைத்துவிட்டது. 120 பாகை அமைப்பில் மூன்று உணரிகளும் ஒருசேர உயர்ந்தோ ஒருசேரத் தாழ்ந்தோ இருக்கும் நிலை இயல்பில் வராது. வந்தால் மூன்றுக்கும் பொதுவான கம்பிகளை ஐயுறுக.

ஏழாம் படி கட்டக் கம்பிகள். மின்கலத்தைக் கழற்றிய பின் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது இறுக்கமாக, விட்டு விட்டுத் தடுப்பதுபோல் இருந்தால் எங்கோ இரு கட்டங்கள் இணைந்திருக்கின்றன. மூன்று கட்டக் கம்பிகளையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி சுற்றுக. இறுக்கம் நீங்கினால் கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் எரிந்திருக்கிறது. நீங்காவிட்டால் மோட்டாரிலோ அதன் கம்பியிலோ குறுக்கிணைவு. பிரித்த கம்பிகளை இரண்டிரண்டாகத் தொட்டுவைத்தும் சுற்றிப் பார்க்கலாம்: மூன்று இணைகளிலும் ஒரே இறுக்கம் வர வேண்டும்; இரண்டு இணைகளில் வராவிட்டால் அவ்விரண்டுக்கும் பொதுவான கம்பி அறுந்தது. மீட்டரே தேவைப்படாத இச்சோதனையை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எமது விருப்பம்.

5. இடைவிட்ட பழுது

சில சமயம் மட்டும் தோன்றி மறையும் பழுது இடைவிட்டது. தோன்றாதபோது அதை அளக்க முடியாது. எதோடு சேர்ந்து தோன்றுகிறது என்று குறித்துவைப்பதே முதல் வேலை. பள்ளத்தில் விழும்போது வந்தால் தளர்ந்த தொடுகை. கைப்பிடியைத் திருப்பும்போது வந்தால் சட்டகத்தின் கழுத்தருகே வளைந்து வளைந்து உள்ளே அறுந்த கம்பி. வெளியுறை முழுமையாகவே இருக்கும். வெகுதூரம் ஓடிச் சூடேறிய பின் வந்தால் ஈயப்பற்றையும் ஹால் உணரியையும் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் வந்தால் கனெக்டருக்குள் பச்சைப் பூப்பு இருக்கும். கம்பி தாழ்ந்து வளைந்து பின் மேலேறிக் கனெக்டரில் நுழையுமாறு கட்டினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

6. திருத்தலுக்கு அப்பாற்பட்டவை

கன்ட்ரோலரையும் கம்பியையும் துணிந்து திருத்தலாம். மின்கலத்துக்கு அந்த உரிமையை நீட்டிக்கக் கூடாது. நெடுநாள் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த லித்தியம் அயன் மின்கலத்தில் எதிர்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி மின்னேற்றும்போது அச்செம்பு உள்ளே படிந்து குறுக்கிணைவை உண்டாக்கலாம். வெளியிலிருந்து அளக்கையில் அது மீண்டுவிட்டதாகவே தோன்றும். தீ பிடிப்பது பின்னொரு நாள் மின்னேற்றத்தின்போதாக இருக்கலாம். ஆகவே பாதுகாப்புப் பலகை மின்னேற்றத்தை மறுக்கிறது என்று அதைத் தாண்டிக் கம்பி இழுத்து நேரடியாக மின்னேற்றுவதை நாம் எக்காரணத்தாலும் ஏற்பதில்லை. உறை நசுங்கிய, துருவேறிய, கசிந்த மின்கலங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றின் முனைகளை டேப்பால் மூடி, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்கலக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தியாவில் இதைப் பயன்படுத்துவோரின் கடமையாகவே வைத்திருக்கின்றன.