யார் வீட்டுப் பெண்?

ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு வீடு பார்த்த கதை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அடைக்கலக் காதையை வகுப்பில் நடத்தும்போது நான் அதை இப்படித்தான் அறிமுகப்படுத்துவேன். மதுரை மதிலுக்கு வெளியே, துறவிகள் தங்கும் இடத்தில் கண்ணகி காத்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போயாக வேண்டும். இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரியிடம் கவுந்தியடிகள் அவளை ஒப்படைக்கிறார். அப்போது அவர் சொல்லும் தகுதிகளைக் கவனியுங்கள். இவள் கணவனின் தந்தை பெயரைக் கேட்டாலே இந்நகர வணிகர்கள் விருந்தாக வைத்துக்கொள்வார்கள் என்கிறார். பிறகு அவளுடைய கற்பைச் சொல்கிறார். புகாரில் தனிமனையில் இல்லறம் நடத்தியவள் கண்ணகி. அந்தத் திறமை பரிந்துரையில் இடம்பெறவில்லை.

சென்னையில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் வாடகைக்கு வீடு தேடிய மூன்று மாதங்களில் இந்த வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "சார் எங்க வேலை பாக்குறார் மேடம்?" என்று தரகர் கேட்பார். நான் தனியாகத்தான் இருக்கப் போகிறேன் என்றால், "அப்ப அப்பா வந்து பேசுவாரா?" நாற்பது வயதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியை நான். என் சம்பளச் சீட்டு கைப்பையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே பேச்சு முடிந்திருக்கும்.

புதுக் கட்டடம்தான் வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்து ஒண்டுக்குடித்தனங்களில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருந்தன. குழாய் பொது, கழிப்பறை பொது. யார் எத்தனை மணிக்கு வந்தாள், எந்த மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தாள் என்பதெல்லாம் முற்றத்துக்கே தெரியும். பின்னால் வந்த தனி வீடுகளில் கீழே உரிமையாளர், மேலே வாடகைதாரர். மாடிப்படியின் ஒவ்வொரு காலடிக்கும் கீழே ஒரு காது இருந்தது. புது அடுக்ககத்தில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார். பழைய மனிதர்களின் பழக்கங்கள் அந்தச் சுவர்களில் இன்னும் ஏறியிருக்காது என்று நம்பினேன்.

இந்த நகரத்தில் பெண்களுக்குக் கூரை தேடியவர்களில் சகோதரி சுப்புலட்சுமியை மறக்க முடியாது. தானே குழந்தை விதவையாக இருந்து, 1911-இல் பட்டம் பெற்றவர். 1912-இல் எழும்பூரில் இளம் விதவைகள் நால்வரோடு அவர் தொடங்கிய இல்லம், பிறகு கடற்கரையோர ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. எதிரே வந்தாலே சகுனத்தடை என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். அதே நேரத்தில் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது. பெண்ணுக்காகத் திறந்த வாசலிலும் சாதி ஒரு படியாகவே இருந்தது.

சட்டம் என்ன செய்தது? இரண்டாம் உலகப்போர்க் கால வீட்டுத் தட்டுப்பாட்டில் சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, வீடு காலியானால் உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; அரசு அதைத் தன் அலுவலருக்கு ஒதுக்கலாம். பூட்டிய கதவைத் திறக்கும் வழி சட்டத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. பெண் என்பதற்காக மறுக்கப்பட்டவளுக்கு அந்த வழியை யாரும் எழுதவில்லை. 30-ஆம் பிரிவு, கட்டி முடித்து ஐந்தாண்டு ஆகாத கட்டடங்களுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தந்தது. நான் நம்பிக்கை வைத்த புதுக் கட்டடம் நீண்ட காலம் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்ற கட்டடம்.

2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று ஒரு வரம்பு வைத்தது. ஒப்பந்தம் போட்டவர்களின் உரிமைகளை அது பேசுகிறது. ஒப்பந்தம் வரைக்கும் போகவே முடியாதவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அரசியலமைப்பின் 15(2)-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

அந்த இடைவெளியில்தான் எல்லாக் கேள்விகளும் குடியிருக்கின்றன. "வெஜ்ஜா?" என்பது சாதியைக் கேட்கும் நாசூக்கான வழி. என் முன்னாள் மாணவி ஒருத்திக்கு அந்தக் கேள்விகூட வரவில்லை. இஸ்லாமியப் பெயரைக் கேட்டதும், "வீடு போயிடுச்சும்மா" என்று தொலைபேசி வைக்கப்பட்டது. மறுநாளும் அதே வீட்டுக்கு விளம்பரம் இருந்தது. நான் பார்த்த ஓர் அடுக்ககத்தில் குடியிருப்போர் சங்கம், தனியாக வாழும் பெண்ணின் வீட்டில் ஆண் விருந்தினர் இரவு தங்கக் கூடாது என்று எழுதி மின்தூக்கியருகே ஒட்டியிருந்தது. முற்றத்தின் கண்கள் கண்காணிப்புக் கேமராவாகிவிட்டன. இரவு எட்டு மணிக்கு மேல் வருபவரின் பெயரைக் காவலாளி ஏட்டில் எழுதுகிறார்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது, வளைகுடா நாட்டில் செவிலியராக இருக்கும் ஒரு பெண் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வாடகை எந்தத் தேதியில் வரும்? ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "க/பெ" என்று தட்டச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, என் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் ஒரு நல்ல பெண்மணி கிடைத்தது என் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஊருக்கு வரும்படி என் மாணவிகளிடம் சொல்ல முடியாது. கோவலன் கொலைப்பட்ட பிறகு, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி நள்ளிரவில் தீப்பாய்ந்ததையும் இளங்கோ சொல்கிறார். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் தன்னையே பிணையாக வைக்க வேண்டியிருந்த ஊர் அது. நம் சட்டத்தில் ஒரு பிரிவு போதும்: பால், மணநிலை, சாதி, மதம், உணவு ஆகியவற்றைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுப்பது குற்றம். அதற்குப் பிறகு மாதரிகள் தீக்குளிக்க வேண்டாம். வாடகை ரசீது கொடுத்தால் போதும்.