சரக்குக்கு முதலில், சாரதிக்குப் பின்னர்

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துக்குக் கணினி வந்தபோது அதனுடன் குளிரூட்டியும் வந்தது. கணினி வைக்கப்பட்ட அறைக்கு மாத்திரமே அந்தச் சலுகை. ஆசிரியபீடத்தில் இருந்த நாங்கள் மின்விசிறியின் கீழ், பறக்கும் தாள்களுக்குப் பாரம் வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தோம். இயந்திரத்துக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையே என்று மனம் வருந்தியதுண்டு. பின்னர் குளிரூட்டியின் வரலாற்றைப் படித்தபோதுதான், அந்த வழக்கம் எங்கள் காரியாலயத்தில் பிறந்ததல்ல என்பது புரிந்தது.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் தமது முதலாவது குளிரூட்டல் தொகுதியை வடிவமைத்தது, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காகவே. காற்றில் ஈரப்பதன் கூடினால் தாள் விரிந்தது; குறைந்தால் சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் மற்றைய நிறம் உரிய இடத்தில் விழவில்லை. காப்பாற்ற வேண்டியிருந்தது தாளை. தொழிலாளியின் வியர்வையைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

வீதியிலும் இதே கதைதான். 1938இல் மினியாப்பொலிஸ் நகரில், வெப்பத்தினால் ஒரு லொறி நிறையக் கோழி இறைச்சியை இழந்த வர்த்தகர் ஒருவர் தமது நண்பர் ஜோசப் நியூமேரோவிடம் முறையிட்டார் என்று சொல்லப்படுகிறது. நியூமேரோ திரையரங்குகளுக்கு ஒலிக்கருவிகள் விற்றவர். அவரிடம் பணியாற்றிய பிரெட்றிக் மக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கரே தீர்வைக் கண்டார். சிறுவயதில் பெற்றோரை இழந்து, முறையான கல்வி அதிகம் பெறாது, தாமாகவே பொறியியலைக் கற்றுக்கொண்டவர் அவர். லொறியின் பிரதான எஞ்சினை நம்பாது, தனக்கென ஓர் எஞ்சினைக் கொண்ட குளிரூட்டியை அமைத்தார்.

அவரது முதல் முயற்சி லொறியின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டது. வீதியின் தூசும் சேறும் அதைக் கெடுத்துவிட்டன. ஆகவே ஜோன்ஸ் அதனை இலேசாக்கி, சரக்குப் பெட்டியின் முன்புற உச்சிக்கு உயர்த்தினார். அந்த வடிவத்துக்கான காப்புரிமை 1949இல் வழங்கப்பட்டது. உலகப் போர்க்காலத்தில் இரத்தமும் மருந்தும் உணவும் அவரது கருவிகளின் துணையுடன் களமுனைகளுக்குச் சென்றன. ஜோன்ஸ் 1961இல் காலமானார். அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கும் நியூமேரோவுக்கும் வழங்கப்பட்டது 1991இல்தான்.

கோழிக்குக் குளிர் கிடைத்தது. அதை ஏற்றிச் சென்ற சாரதிக்கு?

1930களிலேயே படுக்கையுடன் கூடிய பாரவூர்திகள் அமெரிக்க வீதிகளில் ஓடின. ஆசனத்தின் பின்னால் ஆள் படுக்கும் அளவுக்கு ஓர் இடுக்கு, அவ்வளவுதான். 1939இன் பிற்பகுதியில் பக்கார்ட் நிறுவனம் குளிரூட்டிய காரை அறிமுகப்படுத்தியது. அதன் அமுக்கி பிரதான எஞ்சினுடன் பட்டியால் இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் பாரவூர்திகளின் முன்னறைக்கு வந்த குளிரூட்டியும் அவ்விதமே இயங்கியது. எனவே எஞ்சின் நின்றால் குளிரும் நின்றுவிடும். கோடை இரவில் உறங்க விரும்பிய சாரதி, தொன்கணக்கான பாரத்தை இழுக்கும் எஞ்சினை ஓரிடத்தில் நிறுத்தி இரவு முழுவதும் ஓட விட்டார். மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் டீசல் எரிந்தது.

2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, 11 மணி நேரம் வாகனம் செலுத்துவதற்கு முன்னர் தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. மறுபுறம், எஞ்சினை 5 நிமிடங்களுக்கு மேல் வீணே ஓட விடுவதற்கு எதிரான கலிபோர்னியாவின் கட்டுப்பாடு 2008 ஜனவரி 1 முதல் படுக்கை அறையுள்ள பாரவூர்திகளையும் தழுவியது. ஓய்வெடு என்றது ஒரு சட்டம். எஞ்சினை நிறுத்து என்றது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் சாரதி வியர்த்துக் கிடந்தார்.

இதற்கு விடையாகப் பரவியது, ஜோன்ஸ் கண்ட அதே வழிதான்: தனியான ஒரு சிறு டீசல் எஞ்சின். அது மணிக்குச் சுமார் 1 லீற்றர் எரிபொருளில் அறையைக் குளிர்விக்கும், மின்கலத்துக்கும் மின்னேற்றும். இதன் நிறைக்காக 2005ஆம் ஆண்டின் சட்டம் 400 இறாத்தல் வரை சலுகை அளிக்க இடமளித்தது. 2012இல் அது 550 ஆகியது.

ஆனால் ஒரு விசித்திரம். சேற்றுக்கு அஞ்சி ஜோன்ஸ் மேலே உயர்த்திய எஞ்சின், சாரதிக்கென வந்தபோது மீண்டும் சட்டகத்தின் ஓரத்தில், சில்லுகளின் அருகில் தொங்கவிடப்பட்டது. ஆகவே அதன் ஆயுள் பராமரிப்பிலேயே தங்கியுள்ளது. அதன் வயதை மைல்களால் அல்ல, ஓடிய மணித்தியாலங்களால் கணக்கிட வேண்டும். நிறுத்திய வாகனத்திலும் அது உழைக்கிறது. ஒயிலையும் வடிகளையும் அக்கணக்கின்படியே மாற்ற வேண்டும். பட்டி தளர்ந்தால் அமுக்கி நழுவும். வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளில் தூசு படிந்தால் எஞ்சின் ஓடும், குளிர் வராது. குளிரூட்டி வாயு எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். யாவற்றிலும் முக்கியமானது புகைக்குழாய். அதில் வெடிப்பு ஏற்பட்டு நச்சுப்புகை படுக்கை அறைக்குள் புகுந்தால், உறங்குபவர் விழிக்காமலே போகலாம்.

இவை அரிய வித்தைகள் அல்ல. எனினும் எளிதில் தவறவிடப்படுபவை. சரக்கின் குளிரூட்டி பழுதடைந்தால் இழப்பைப் பணத்தில் கணக்கிடலாம். உரிமையாளர் உடனே ஓடிவருவார். சாரதியின் குளிரூட்டி பழுதடைந்தாலும் வாகனம் ஓடும்; சரக்கு உரிய நேரத்தில் சென்றடையும். அந்தப் பழுதை அறிந்தவர் இரவு முழுவதும் புரண்டு படுத்த ஒருவர் மாத்திரமே. மறுநாட் காலை, 36 தொன் வரையான வாகனத்தை நெடுஞ்சாலையில் செலுத்துபவரும் அவரே.

எங்கள் ஆசிரியபீடத்துக்கும் சில ஆண்டுகளின் பின்னர் குளிரூட்டி பூட்டினார்கள். மனம் மகிழ்ந்து காரணம் கேட்டேன். கணினிகள் இனி உங்கள் மேசைகளுக்கு வரப்போகின்றன என்றார்கள்.