பொருந்தாத தோட்டா

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் ஓர் அத்தியாயத்தில் வில்லன் கதாநாயகனின் மார்புக்கு நேரே கைத்துப்பாக்கியை நீட்டுகிறான். விசையை இழுக்கிறான். வெடிக்கவில்லை! வீட்டிலேயே மருந்து அடைத்த தோட்டா, குழாயில் சரியாக உட்காராமல் சிக்கிக்கொண்டது என்று எழுதிக் கதாநாயகனைக் காப்பாற்றி விட்டேன். எப்படிச் சிக்கிற்று என்று நானும் யோசிக்கவில்லை. வாசகர்களும் கேட்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கூனிமேட்டிலிருந்து ஒரு கார்டு எழுதியிருந்தார். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். "கதை நன்றாயிருக்கிறது. ஆனால் தோட்டா ஏன் சிக்கிற்று என்பது வில்லனுக்கும் தெரியவில்லை, தங்களுக்கும் தெரியவில்லை. விருப்பமிருந்தால் ஒரு நடை வந்து போகலாம்" என்று முடித்திருந்தார். இப்படி ஒரு கார்டு வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? அடுத்த வாரமே புறப்பட்டேன்.

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. கிழக்கே கடல். வடக்கே போகப்போக, பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயிலில் கண் கூசும்படி குவித்து வைத்த வெள்ளை உப்பு. உப்புக் காற்று பட்டு ஜன்னல் கம்பியெல்லாம் பொருக்குத் தட்டிப்போன ஒரு வீட்டின் திண்ணையில் ஹவில்தார் காத்திருந்தார்.

"வாங்க சார், உங்க ஆயுதத்தைக் கொடுங்க" என்றார். நான் விழித்தேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டினார். கொடுத்தேன். மூடியைக் கழற்றினார், பாடம் ஆரம்பமாயிற்று.

"கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தோட்டாவுக்கு நாலு பொருத்தம் பார்த்தால் போதும். ஆனால் நாலும் அமையணும்."

ரைபிள் தோட்டாக்களில் பெரும்பாலானவை புட்டியைப் போலத் தோளும் கழுத்தும் உடையவை. குழாயில் நுழைந்ததும் அந்தத் தோள் தட்டி நின்றுவிடும். சுழல் துப்பாக்கித் தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. அது வெளியே தடுத்து நிறுத்தும். ஆனால் அமெரிக்கரான பிரௌனிங் வகுத்து, அந்நாட்டு ராணுவம் 1911-ம் ஆண்டில் ஏற்ற கைத்துப்பாக்கியின் .45 தோட்டாவுக்குத் தோளும் கிடையாது, வெளியே நீட்டிய விளிம்பும் கிடையாது. நேரான பித்தளைக் குப்பி. அதன் வாயின் ஓரம்தான் குழாய்க்குள் இருக்கும் சிறு படிக்கட்டில் போய் நிற்க வேண்டும்.

ஆகவே முதல் பொருத்தம் நீளம். குப்பி அளவுக்கு மேல் நீண்டிருந்தால் துப்பாக்கி மூடாது. இரண்டாவது வாய். ரவையைச் செருகுவதற்காகக் குப்பியின் வாயைக் கொஞ்சம் அகட்டுவார்கள். செருகிய பிறகு அதை மறுபடி நேராக்க மறந்தால் உள்ளே போகாது. மிகையாக அழுத்தி வளைத்தாலோ படிக்கட்டில் நிற்காமல் உள்ளே ஆழ்ந்துவிடும், ஊசி எட்டாது. மூன்றாவது உடம்பு. ஒரு முறை வெடித்த குப்பி உப்பியிருக்கும். அச்சில் இட்டு அடிவரை பழைய அளவுக்குக் கொண்டுவராவிட்டால், மழைக்காலத்துக் கதவு போல இறுகிக்கொள்ளும். நாலாவது ரவை. அது அதிகம் வெளியே நீட்டியிருந்தால் மூக்கு, குழாயின் முறுக்குக் கோடுகளில் போய் முட்டும்.

"எது பொருந்தவில்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"குழாயைத் தனியே கழற்றி, தோட்டாவை அதில் போட்டுப் பார்க்கணும். தன் பாரத்திலேயே 'டக்'கென்று விழணும். கவிழ்த்தால் தானே வெளியே வரணும். வராவிட்டால் தோட்டாவுக்கு மை பூசி மறுபடி போட்டால், எங்கே உரசியதோ அங்கே மை அழிஞ்சிருக்கும். வாயிலா, வயிற்றிலா, மூக்கிலா என்று அதுவே சொல்லிவிடும். உங்க வில்லன் இதையெல்லாம் பண்ணினானா?"

பண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "லைசென்ஸாவது வாங்கினானா?" என்றார். அதுவும் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம் என்று, என் வில்லனின் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்தார்.

காபி வந்தது. இனி நான் பேசும் முறை. அவர் வீட்டுத் திண்ணை எவ்வளவு பொருத்தமான இடம் என்பதை அவருக்குச் சொன்னேன். 1680-களில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கூனிமேட்டில் ஒரு வியாபாரச் சாவடி வைத்திருந்தது. பிறகு தெற்கே கடலூர்ப் பக்கம் அவர்கள் கண் போயிற்று. செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், சிவாஜியின் புதல்வர், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ம் ஆண்டில் கம்பெனிக்கு விற்றார். கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு என்று ஏற்பாடு!

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். இருப்பதிலேயே நெடுந்தூரம் சுடும் பித்தளைப் பீரங்கி ஒன்று சென்னையிலிருந்து அனுப்பப்பட்டது. அதில் மருந்து அடைத்து மிக அதிகப் பயன் வரும்படி சுடுவது பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்ற கருத்தில் உத்தரவும் போயிற்று. செப்டம்பர் மாதத்தில் சுட்டார்கள். கடலூரும் சுற்றியிருந்த கிராமங்களும் குண்டின் வட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரும் ஏற்பட்டது.

ஹவில்தார் காபியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ அந்தப் பீரங்கிக்காரன் குண்டைப் பொறுக்கி எடுத்திருப்பான்" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயமான ஊகம். அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குண்டுகள் சரியான உருண்டை அல்ல. துருவும் ஏறும். குழாயிலும் கரி படியும். ஆகையால் குண்டைக் குழாயைவிடச் சிறிதாகவே வார்ப்பார்கள். அந்த இடைவெளி வழியே புகை ஓடிவிடும். மருந்தின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ இப்படி வீணாவதாகப் பின்னாளில் ஹட்டன் என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர் கண்டார். குண்டு தளர்ந்தால் தூரம் குறையும். தூரம் குறைந்தால் கிராமம் குறையும். ஒரு நூலிழைப் பொருத்தத்தில் எத்தனை குடும்பங்களின் எஜமானர்கள் மாறிப்போயிருப்பார்கள்! வயலில் நின்றவனை யாரும் கேட்கவில்லை. வானத்தில் சத்தம் கேட்டது; அவன் கம்பெனியின் பிரஜையாகிவிட்டான்.

இதில் இன்னொரு விசித்திரம். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அதில் சுட்டு, அது ஆடும் ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்ட பெஞ்சமின் ராபின்ஸ் என்ற மேதை, பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி 1742-ல் ஒரு நூல் எழுதினார். ஆய்லர் என்ற மகா கணித மேதையே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கினார். அந்த ராபின்ஸ் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்படுத்த 1750-ல் இங்கே வந்து, மறு வருஷம் ஜூலையில் அதே தேவனாம்பட்டினக் கோட்டையில் காலமானார். குண்டால் அளந்த மண்ணிலேயே, குண்டை அளந்தவரின் ஆயுள் முடிந்தது.

"1857-ஐ விட்டுட்டீங்களே" என்றார் ஹவில்தார். தோட்டாவில் தடவிய கொழுப்பு நமக்கெல்லாம் தெரிந்த கதை. அவர் சொன்னது அதன் மறுபக்கம். என்பீல்டு துப்பாக்கியின் குழாய் 0.577 அங்குலம், ரவை 0.568. சுற்றிய காகிதத்தோடு உள்ளே தள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் கொழுப்பு உருகிப்போய், நாலு முறை சுட்டதும் குழாயில் கரி ஏறி, ரவை இறங்காமல் வெள்ளைச் சிப்பாய்களே திண்டாடினார்கள். பிறகு ரவையை 0.55 அங்குலமாகச் சிறிதாக்கி, கொழுப்புக்குப் பதில் தேன்மெழுகை வைத்தார்கள். அந்த மெழுகை முன்னமே வைத்திருக்கலாம். சிப்பாயின் மனம் பொருந்தாதபோது அவ்வளவு அவசரம் தோன்றவில்லை; ரவை பொருந்தாதபோது தோன்றிற்று.

இதைக் கேட்டுச் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள்.

என் கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். இப்போது வில்லன் குப்பியின் வாயை நேராக்க மறந்துவிடுகிறான். போட்டுப் பார்க்கவும் சோம்பல். கதாநாயகன் பிழைத்தது என் கருணையால் அல்ல, அவனுடைய அலட்சியத்தால். ஒரு பிரதியைக் கூனிமேட்டுக்கு அனுப்பினேன். பதில் கார்டு வந்தது:

"இப்போது பொருந்துகிறது."