கடைக்குள் இருந்த சர்வர் கிளவுடுக்குப் போகிறது... திருச்சி வியாபாரிகள் கவனிக்க வேண்டியது என்ன?

என்எஸ்பி ரோடு ஜவுளிக்கடை, காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை, துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறை... தொழில் எதுவாக இருந்தாலும், கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஒரு சர்வர், பக்கத்தில் யுபிஎஸ், பேட்டரி, எந்நேரமும் ஓடும் ஏசி. பில், ஸ்டாக், பாக்கி என்று வியாபாரத்தின் மொத்தக் கணக்கும் அந்த ஒரு மெஷினில்தான் இருக்கும்.

இப்போது அந்த அறை மெல்லக் காலியாகி வருகிறது. "எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடுங்க சார், உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல" என்று சாஃப்ட்வேர் விற்பவர்கள் சொல்கிறார்கள். நிஜமாகவே கவலை இல்லையா? கிளவுடுக்கு மாறினால் எது சுலபமாகும், எது நம் தலையிலேயே இருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

கிளவுட் என்றால் என்ன?

பெயரில்தான் மேகம். உண்மையில் அது தரையில் நிற்கும் பெரிய கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான சர்வர்கள், தனி மின் இணைப்பு, ஜெனரேட்டர், குளிரூட்டும் வசதி, 24 மணி நேரக் காவல். இதுதான் டேட்டா சென்டர். அங்குள்ள கம்ப்யூட்டர் திறனையும் சேமிப்பு இடத்தையும் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட்.

சிம்பிளாகச் சொன்னால், கரண்டுக்கு சொந்தமாக ஜெனரேட்டர் ஓட்டாமல் ஈபி கனெக்‌ஷன் வாங்குவது போல. எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பணம்.

அமேசான் நிறுவனம் 2006இல் இந்த வாடகை சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பையில் தன் கிளவுட் மையங்களைத் திறந்தது. அமேசானின் மும்பை மையம் 2016இலும், ஹைதராபாத் மையம் 2022இலும் வந்தன. அதாவது, திருச்சி கடையின் கணக்கு சுமார் 330 கி.மீ. தள்ளி சென்னையிலேயே இருக்கலாம். அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்போது ஏன் இந்த அவசரம்?

முக்கியக் காரணம் வரி நடைமுறை. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. அதன்பின் இ-வே பில், இ-இன்வாய்ஸ் என ஒவ்வொன்றாக ஆன்லைனுக்குப் போனது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயமான இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம்.

இன்னொரு வியாபாரிக்கு பில் போட்டால், அந்த விவரம் அரசு போர்ட்டலுக்குப் போய், பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கி வர வேண்டும். சர்வர் மக்கர் செய்தால் பில் நிற்கும். பில் நின்றால் லாரி கிளம்பாது.

அடுத்து கம்பெனி சட்டம். பதிவு பெற்ற கம்பெனிகள் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருந்தால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்ற விதி 2022 ஆகஸ்டில் வந்தது. தனிநபர் உரிமைக் கடைகளுக்கு இது பொருந்தாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம், கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இனி போதாது.

கிராமங்களிலும் இதே மாற்றம்தான். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களை கிளவுட் அடிப்படையிலான ஒரே சாஃப்ட்வேருக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. மதிப்பு 2,516 கோடி ரூபாய்.

ஸ்ரீரங்கம் உதாரணம்: மூன்று வாரம் கூட்டம், மற்ற நாள் சாதாரணம்

கிளவுடின் பெரிய பலம் எது என்று புரிய ஸ்ரீரங்கத்தைப் பார்த்தால் போதும். மார்கழியில் பகல் பத்து, ராப்பத்து என மூன்று வாரம் வைகுண்ட ஏகாதசி விழா. பரமபதவாசல் திறக்கும் நாளில் லட்சக்கணக்கில் பக்தர்கள் குவிவார்கள். லாட்ஜ் புக்கிங், டாக்ஸி, சாப்பாட்டு ஆர்டர் எல்லாம் அந்த நாட்களில் எகிறும். விழா முடிந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அந்த மூன்று வாரத்தைச் சமாளிக்க பெரிய சர்வர் வாங்கினால், மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். சின்ன சர்வர் வாங்கினால், விழா நேரத்தில் புக்கிங் தளம் படுத்துவிடும். கிளவுடில் கூட்டம் வரும்போது திறனைக் கூட்டி, கூட்டம் குறைந்ததும் குறைத்துக்கொள்ளலாம். ஆள் யாரும் உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை. நெரிசலைப் பார்த்து சிஸ்டமே செய்துகொள்ளும்.

'ஸ்மார்ட்' என்று சொல்வது எதை?

இந்தத் தானியங்கி வேலைகளைத்தான் 'ஸ்மார்ட்' என்கிறார்கள். சேமிப்பு இடம் நிறையப் போகிறது என்றால் முன்கூட்டியே மெசேஜ் வரும். ஹார்டு டிஸ்க் பழுதாகும் அறிகுறி தெரிந்தால், தகவல் வேறு டிஸ்க்குக்கு மாற்றப்படும். தினமும் காலை பத்து மணிக்கு திருச்சியில் லாகின் செய்யும் கணக்காளரின் பாஸ்வேர்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு வெளிநாட்டில் இருந்து பயன்படுத்தப்பட்டால் சிஸ்டம் சந்தேகப்பட்டு தடுக்கும். இதில் பல வேலைகளுக்கு செயற்கை நுண்ணறிவும் பயன்படுகிறது.

ஆனால் ஒரு விஷயம். இந்த எச்சரிக்கை வசதிகள் எல்லாமே தானாக ஆன் ஆகி இருக்காது. சிலவற்றை நாம்தான் ஆன் செய்ய வேண்டும், சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வெள்ளம் வந்தால்? கரண்ட் போனால்?

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. 1977 நவம்பர் வெள்ளத்தை திருச்சியின் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005 நவம்பரில் காவிரியோடு கோரையாறும் உய்யக்கொண்டானும் பெருகி, நகரின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன.

தரைத்தளக் கடையில், மேஜைக்கு அடியில் இருக்கும் சர்வருக்கு முழங்கால் அளவு தண்ணீரே போதும். சரக்கு நனைந்தால் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு இன்சூரன்ஸ் கேட்கலாம். கணக்கே நனைந்தால், யார் எவ்வளவு பாக்கி என்று எதை வைத்துக் கேட்பது? இந்த இடத்தில் கிளவுடுக்குத் தெளிவான லாபம் உண்டு. கடை மூழ்கினாலும் கணக்கு வேறு ஊரில் பத்திரமாக இருக்கும்.

மாதாந்திர பராமரிப்புக்காக பகல் முழுக்க கரண்ட் கட் ஆனாலும் மொபைலில் பில் போடலாம். ஆனால் இன்டர்நெட் போனால்? பாதாள சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டும்போது கேபிள் அறுந்தால், கிளவுட் இருந்தும் கல்லா நிற்கும். அதனால் ஃபைபருக்குத் துணையாக வேறு கம்பெனியின் மொபைல் டேட்டா ஒன்று தயாராக இருக்க வேண்டும். நெட் இல்லாதபோது பில் போட்டு, பிறகு தானாகச் சேர்க்கும் வசதி சாஃப்ட்வேரில் இருந்தால் இன்னும் நல்லது.

கிளவுடும் படுக்கும்!

'கிளவுடில் போட்டால் எதுவும் அழியாது' என்பது உண்மையில்லை. சமீபத்தில் நடந்த நான்கு சம்பவங்கள்:

தென்கொரியா, 2025 செப்டம்பர் 26: டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' முழுவதும் எரிந்தது. 858 டெராபைட் தகவல். வெளியில் பேக்கப் இல்லாததால் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியா, 2024 மே: கூகுள் கிளவுடில் நடந்த அமைப்புத் தவறால் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் கிளவுட் கணக்கே அழிந்தது. உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக பேக்கப் வைத்திருந்ததால் மீட்க முடிந்தது.

அமெரிக்கா, 2025 அக்டோபர் 20: அமேசானின் ஒரு கிளவுட் மையத்தில் ஏற்பட்ட கோளாறால், உலகம் முழுவதும் பல ஆப்கள் மணிக்கணக்கில் முடங்கின.

இந்தியா, 2025 ஜூலை: ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவை நிறுத்தப்பட்டது. நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அதன்பின் சேவை திரும்பியது.

ஒரு இடத்தில் தீ, ஒரு இடத்தில் மனிதத் தவறு, ஒரு இடத்தில் தொழில்நுட்பக் கோளாறு, ஒரு இடத்தில் அரசியல். பணக்கார அரசாங்கம் இழந்ததை ஓய்வூதிய நிறுவனம் காப்பாற்றியதற்குக் காரணம், வேறு இடத்தில் இருந்த இன்னொரு நகல்தான்.

எது அவர்கள் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம், காவல், இரும்புக் கதவு பேங்க் பொறுப்பு. சாவி நம் பொறுப்பு. கிளவுடும் அப்படித்தான்.

சர்வர், கரண்ட், ஏசி, கட்டடப் பாதுகாப்பு ஆகியவை கிளவுட் நிறுவனத்தின் வேலை. பாஸ்வேர்டு, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, வேலையை விட்டுப் போன ஊழியரின் லாகினை நிறுத்துவது, தனி பேக்கப் ஆகியவை நம் வேலை. கடையில் ஐந்து பேரும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால், எவ்வளவு பெரிய டேட்டா சென்டரும் காப்பாற்றாது.

வாடிக்கையாளரின் போன் நம்பர், முகவரி, லேப் ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டப் பொறுப்பும்கூட. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலுக்குப் போதிய பாதுகாப்பு தராவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் கிளவுட் நிறுவனத்திடம் இருக்கிறது என்று சொல்லி, அதைச் சேகரித்தவர் விலகிக்கொள்ள முடியாது.

செலவு உண்மையிலேயே குறையுமா?

ஒரு உதாரணக் கணக்கு. சர்வர் 1,50,000 ரூபாய், யுபிஎஸ் பேட்டரி 40,000, ஐந்து வருட சர்வீஸ் 60,000 என்றால் மொத்தம் 2,50,000. மாதத்துக்குச் சுமார் 4,170 ரூபாய். கரண்ட் பில் தனி.

கிளவுடில் ஒருவருக்கு மாதம் 700 ரூபாய் என்று வைத்தால், 5 பேருக்கு 3,500. லாபம்தான். அதே கடையில் 12 பேர் பயன்படுத்தினால் 8,400. இப்போது சொந்த சர்வரே மலிவு. சொந்த மெஷின் ஐந்து வருடத்துக்குப் பிறகும் ஓடினால் ஓடும். வாடகை நின்றால் சேவையும் நிற்கும்.

தீபாவளிக்கு ஆள் சேர்த்து, பிறகு குறைக்கும் கடைக்கு கிளவுட் பொருந்தும். வருடம் முழுக்க ஒரே அளவு வேலை, நிறையப் பேர் பயன்பாடு என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாமே கிளவுடுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம் என்பதற்கு திருச்சியிலேயே உதாரணம் உண்டு. என்ஐடி வளாகத்தில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில், சி-டாக் உதவியுடன் அமைந்த இதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். பெரிய ஆராய்ச்சிக் கணக்குகள் ஓய்வில்லாமல் ஓடும் இடத்தில், மெஷின் வளாகத்துக்குள்ளேயே இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது.

துவாக்குடி பட்டறைக்கும் இதே யோசனைதான். பெரிய டிராயிங் ஃபைல்களும், மெஷினை நேரடியாக இயக்கும் கம்ப்யூட்டரும் உள்ளேயே இருக்கட்டும். பில், கணக்கு, இமெயில், பேக்கப் கிளவுடுக்குப் போகட்டும். இப்படிக் கலந்து வைப்பதை 'ஹைப்ரிட்' என்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. நம் தகவல் எந்த ஊர் டேட்டா சென்டரில் இருக்கும்? இந்தியாவிலா?

2. பேக்கப் தினமும் எடுக்கப்படுமா? வேறு இடத்தில் நகல் உண்டா?

3. அந்த பேக்கப்பில் இருந்து கணக்கைத் திரும்ப எடுத்துக் காட்ட முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

4. நாளை வேறு சாஃப்ட்வேருக்குப் போனால், மொத்தத் தகவலும் எக்செல் போன்ற வடிவில் கைக்கு வருமா? அதற்குத் தனிக் கட்டணமா?

5. மாத வாடகை ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும்? எத்தனை நாள் கழித்து தகவலை அழிப்பார்கள்?

6. பில்லுக்கு உச்சவரம்பும், அதைத் தொடும் முன் எச்சரிக்கையும் வைக்க முடியுமா?

இவற்றில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'பேக்கப் இருக்கிறது' என்ற வாய்வார்த்தை போதாது. மாதம் ஒருமுறை பழைய பில் ஒன்றை பேக்கப்பில் இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய சர்வரையும் உடனே காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஒரு ஜிஎஸ்டி தாக்கல் முழுவதும் கிளவுடில் சரியாக முடிந்து, ஆடிட்டர் ஓகே சொன்ன பிறகு, ஹார்டு டிஸ்க்கில் உள்ள தகவலை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுக்கலாம்.